உங்கள் பிள்ளையிடம் இந்த மாற்றங்கள் தெரிகின்றனவா?

சில வருடங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை காலை. ஒரு தாய் தன் மகனை என் வைத்தியசாலைக்கு அழைத்து வந்தார். அம்மா பள்ளி ஆசிரியை. அப்பாவுக்கு வங்கியில் வேலை. பையனுக்கு 19 வயது. வீட்டிலிருந்தே கல்லூரி போய் வருகிறான். இன்ஜினீயரிங் இரண்டாம் வருடம்.

"மூணு நாளைக்கு ஒரு தடவைதான் டாக்டர் வெளிக்குப் போறான். சாப்பாடும் கம்மியாயிடுச்சு. எப்பப் பார்த்தாலும் தூங்கி வழியறான்" என்றார் அம்மா.

நாடி பார்த்தேன். நாக்கை நீட்டச் சொன்னேன். பையன் மூக்கு நுனியைத் தேய்த்தபடியே கேட்ட கேள்விக்கெல்லாம் 'ம்' கொட்டிக் கொண்டிருந்தான். கண்ணின் கருமணி குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருந்தது. அதைப் பார்த்தேன். ஆனால் கவனிக்கவில்லை. "கேன்டீன் சாப்பாடு, ராத்திரி கண் விழிப்பு. உடம்பு உஷ்ணமாயிருக்கு" என்று சொல்லி, நிலவாகைச் சூரணம் கொடுத்து, எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொல்லி அனுப்பி விட்டேன்.

நாலு மாதம் கழித்து அந்த அம்மா தனியாக வந்தார். கையில் வளையல் இல்லை. பையன் குளியலறையில் மயங்கிக் கிடந்திருக்கிறான். கதவை உடைத்து, 108 வண்டியில் தூக்கிப் போய்ப் பிழைக்க வைத்திருக்கிறார்கள். வலி நிவாரண மாத்திரையை ஊசியாக ஏற்றிக் கொள்ளும் பழக்கம் ஒரு வருடமாக இருந்ததாம்.

"உங்ககிட்ட கூட்டிட்டு வந்தப்பவே இருந்திருக்கு டாக்டர்" என்று மட்டும் சொன்னார். வேறு ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அபின் வயிற்றுப்போக்கைக் கட்டும் என்று குணபாடத்தில் படித்து மார்க் வாங்கியவன் நான். அந்த வலி மாத்திரையும் உடம்பில் அபினைப் போலவே வேலை செய்வதுதான். அபின் வயிற்றைக் கட்டும் என்றால், காரணமில்லாமல் வயிறு கட்டியிருக்கும் இளைஞனிடம் அபின் வகைப் பழக்கம் இருக்குமோ என்று திருப்பிக் கேட்டிருக்க வேண்டாமா? கேட்கவில்லை. 'நல்ல குடும்பத்துப் பிள்ளை' என்ற நினைப்பு என் கண்ணை மறைத்து விட்டது. பல பெற்றோரின் கண்ணை மறைப்பதும் இதே நினைப்புதான். அதனால்தான் இந்தக் கட்டுரை.

வீட்டுக்குள் வருவது எது?

போதை மருந்து என்றாலே நமக்கு சினிமாவில் பார்த்த கடத்தல்காரனும் வெள்ளைப் பொடியும்தான் ஞாபகம் வரும். ஆனால் நடுத்தரக் குடும்பத்துக்குள் நுழைகிற பல பொருட்கள் மருந்துக் கடையிலும் ஸ்டேஷனரி கடையிலும் இருப்பவை. டபென்டடால், ட்ரமடால் போன்ற கடுமையான வலி மாத்திரைகள். கோடீன் கலந்த இருமல் சிரப். அல்பிரசோலம், நைட்ராசெபாம் போன்ற தூக்க மாத்திரைகள். சின்னப் பிள்ளைகள் முகர்கிற ஒயிட்னர், பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன், பெயின்ட் தின்னர். இவற்றோடு கஞ்சாவும், சமீப காலமாக 'ஐஸ்' என்று சொல்லப்படும் மெத்தம்ஃபெட்டமினும் சேர்ந்து விட்டன.

மத்திய அரசுக்காக டெல்லி எய்ம்ஸ் நடத்திய நாடு தழுவிய ஆய்வின் முடிவு 2019-ல் வெளியானது. அபின் வகைப் பொருட்களைப் பயன்படுத்துவோர் சுமார் 2.26 கோடி பேர், கஞ்சா வகைகளைப் பயன்படுத்துவோர் சுமார் 3.1 கோடி பேர் என்று அது கணக்கிட்டது. இத்தனை கோடிப் பேரும் 'யாரோ' வீட்டுப் பிள்ளைகளாக மட்டும் இருக்க முடியுமா?

பையன்களை மட்டும் சந்தேகப்பட வேண்டாம். எப்போதோ டாக்டர் பத்து நாளைக்கு எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரையை, பழைய சீட்டையே காட்டி வருடக்கணக்கில் வாங்கிச் சாப்பிடும் இல்லத்தரசிகளும் பெரியவர்களும் என்னிடம் வருகிறார்கள். அதுவும் அடிமைப் பழக்கம்தான். சத்தமில்லாமல் நடப்பதால் யாரும் கண்டுகொள்வதில்லை.

எண்வகைத் தேர்வை நீங்களும் செய்யலாம்

சித்த மருத்துவத்தில் நோயை அறிய எண்வகைத் தேர்வு என்று ஒன்று உண்டு. நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். இதில் நாடியை விட்டு விடுங்கள். நாடி பிடித்து 'இன்ன மாத்திரை போட்டிருக்கிறான்' என்று சொல்ல எந்த வைத்தியராலும் முடியாது. மூத்திரப் பரிசோதனை ஆய்வுக்கூடத்து வேலை. மற்ற ஆறையும் வீட்டில் இருக்கும் தாய், தகப்பன் கவனிக்க முடியும்.

விழி: அபின் வகை மருந்து உடம்பில் இருக்கும்போது கருமணி மங்கலான வெளிச்சத்தில் கூட ஊசிமுனை போலச் சுருங்கியிருக்கும். மருந்து கிடைக்காதபோது இதற்கு நேர்மாறாக விரியும், கண்ணீர் வழியும். 'ஐஸ்' வகையிலும் கருமணி விரியும். கஞ்சாவில் வெள்ளை விழி சிவந்து, இமை கனத்துத் தெரியும். சிவப்பை மறைக்க அடிக்கடி சொட்டு மருந்து விட்டுக் கொள்வார்கள்.

மொழி: பேச்சின் போக்கு மாறும். மது வாடையே இல்லாமல் நாக்குக் குழறி, நடை தள்ளாடினால் தூக்க மாத்திரையாக இருக்கலாம். பேசிக் கொண்டிருக்கும்போதே தலை தொங்கி, திடீரென்று விழித்து விட்ட இடத்திலிருந்து தொடர்வது அபின் வகையில் அடிக்கடி பார்ப்பது. இரண்டு மூன்று நாள் தூங்காமல் கடகடவென்று பேசி, யாரையும் நம்பாமல் சந்தேகப்பட்டு, பிறகு ஒரேயடியாகத் தூங்கினால் அது ஊக்கி வகைப் போதையின் சுபாவம்.

நிறம்: முகம் களையிழந்து போகும். சில மாதத்தில் உடம்பு இளைக்கும். ஒயிட்னர், சொல்யூஷன் முகர்பவர்களுக்கு மூக்கையும் வாயையும் சுற்றிச் சிவந்த புண்கள் வரும்.

ஸ்பரிசம்: மருந்து கிடைக்காத நேரத்தில் தோலில் புல்லரிப்பு, வியர்வை, நடுக்கம். ஊசி போடுபவர்களுக்கு முழங்கையின் உள்மடிப்பில் தழும்புகளும், நரம்பு தடித்த கோடும், சில சமயம் சீழ்க்கட்டியும் இருக்கும். மே மாத வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்ற மறுக்கிற பிள்ளையைக் கொஞ்சம் கவனியுங்கள்.

நா: வாய் வறட்சி, ஓயாத தாகம். கஞ்சாவில் அகால நேரத்துப் பசி. பெயின்ட், தின்னர் வாடை. வாடையை மறைக்க எந்நேரமும் சூயிங்கம், பாக்கு, சென்ட்.

மலம்: என்னை ஏமாற்றியது இதுதான். அபின் வகை குடலின் அசைவைக் குறைத்து மலத்தைக் கட்டும். மருந்து கிடைக்காத நாளில் வயிற்றுப் பிடிப்பும் பேதியும் வரும். ஒரு வாரம் கட்டு, ஒரு நாள் பேதி என்று மாறி மாறி வந்தால் வயிற்றை மட்டும் வைத்தியம் பார்க்காதீர்கள்.

மூத்திரப் பரிசோதனை பற்றி ஒரு வார்த்தை. கடையில் விற்கும் பட்டையை வாங்கிச் சோதித்து 'இல்லை' என்று வந்ததும் நிம்மதிப் பெருமூச்சு விடுகிறார்கள். அபினுக்கான சாதாரணப் பட்டை டபென்டடால், ட்ரமடாலை எல்லாம் காட்டிக் கொடுக்காது. பிள்ளைக்குத் தெரியாமல் சோதிக்கப் போய் அவன் நம்பிக்கையையும் இழப்பீர்கள். சோதனை மருத்துவர் மேற்பார்வையில் நடக்கட்டும்.

வீடு சொல்லும் சாட்சி

உடம்பு மறைத்தாலும் வீடு காட்டிக் கொடுத்து விடும். முதலில் கணக்கு இடிக்கும். பர்ஸில் நூறு, இருநூறு குறையும். பிறகு செல்போன் 'தொலைந்து போகும்'. கடைசியில் நகை. குளியலறையில் அரை மணி, முக்கால் மணி என்று கதவைச் சாத்திக் கொள்வது. குப்பையில் ஒரே மாத்திரையின் காலி அட்டைகள், இருமல் சிரப் பாட்டில்கள், ஊசி மூடி, கரி படிந்த ஸ்பூன், சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள். பழைய சிநேகிதர்கள் வருவது நின்று, பெயர் சொல்லாத புதியவர்கள் தெருமுனையோடு பேசி அனுப்புவது.

இன்னொன்று மிக முக்கியம். பிள்ளையின் நாளுக்கு ஒரு தாளம் வந்திருக்கும். காலையில் கொட்டாவி, மூக்கில் நீர், கை கால் குடைச்சல், எதற்கெடுத்தாலும் எரிந்து விழுதல். ஒரு போன் வரும். 'இதோ வந்துடறேன்' என்று வெளியே போவான். அரை மணி நேரத்தில் திரும்பும்போது ஆள் சாந்தமாக, சிரித்த முகமாக இருப்பான். ஜலதோஷம் எங்கே போயிற்று? கடைசியாக மருந்து போட்டு 8 முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கும் தவிப்புதான் அந்த 'ஜலதோஷம்'. இந்தத் தாளம் தினமும் திரும்பி வந்தால் அசட்டையாக இருக்காதீர்கள்.

அவசரப்பட்டுத் தீர்ப்பு சொல்லாதீர்கள்

இதைப் படித்து விட்டு இன்று மாலையே பிள்ளையின் கண்ணில் டார்ச் அடிக்காதீர்கள்! வெளிச்சத்தில் எல்லோருக்கும் கருமணி சுருங்கும். கம்ப்யூட்டரும் மெட்ராஸ் ஐயும் கண்ணைச் சிவக்க வைக்கும். சர்க்கரை நோய், காசநோய், தைராய்டு எல்லாமே உடம்பை இளைக்க வைக்கும். கதவைச் சாத்திக் கொள்வதும் எதிர்த்துப் பேசுவதும் அந்த வயதின் சுபாவம். பரீட்சைத் தோல்வி, காதல் தோல்வி, மனச்சோர்வு ஆகியவையும் பிள்ளையை இப்படி மாற்றும்.

ஒரு அடையாளத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். பார்க்க வேண்டியது இரண்டு. பிள்ளை தன்னுடைய பழைய இயல்பிலிருந்து எவ்வளவு மாறியிருக்கிறான்? உடம்பு, பணம், தூக்கம், சிநேகிதம் என்று பல பக்கமும் ஒரே காலகட்டத்தில் மாறினவா? இரண்டுக்கும் 'ஆமாம்' என்றால் மருத்துவரிடம் போகும் நேரம் வந்து விட்டது. காரணம் போதையாக இல்லாவிட்டாலும் போவது நல்லதுதான். ஏதோ ஒன்று அவனை வருத்துகிறது என்பது நிச்சயம்.

பழக்கம் எப்போது நோயாகிறது?

உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு, பத்தாவது பதிப்பில், அடிமைத்தனத்துக்கு ஆறு அடையாளங்களைச் சொன்னது. அடக்க முடியாத ஏக்கம். தொடங்கினால் நிறுத்த முடியாமை. நிறுத்தினால் உடம்பு தவிப்பது. அதே போதைக்கு அளவைக் கூட்டிக் கொண்டே போவது. படிப்பு, வேலை, விளையாட்டு எல்லாவற்றையும் விட அதுவே முக்கியமாகிப் போவது. கெடுதல் என்று தெரிந்தும் விட முடியாமை. ஒரு வருடத்துக்குள் இவற்றில் மூன்று சேர்ந்து இருந்தால் அது நோய்.

நன்றாகக் கவனியுங்கள். நோய். திமிரோ, வளர்ப்பின் குற்றமோ அல்ல. மூளையில் இன்ப உணர்வைத் தரும் பகுதியே போதைக்குப் பழகிப் போகிறது. 'மனசு வெச்சா விட முடியாதா?' என்று கேட்பது, ஆஸ்துமாக்காரனைப் பார்த்து 'மனசு வெச்சு மூச்சு விடு' என்பது போலத்தான்.

எப்படிப் பேசுவது?

போதையில் இருக்கும்போது பேசாதீர்கள். காலையில் தவிப்பில் இருக்கும்போதும் வேண்டாம். வீட்டில் மாமா, சித்தப்பா எல்லோரையும் கூட்டி வைத்துப் பஞ்சாயத்து பண்ணாதீர்கள். யாரிடம் பிள்ளைக்குப் பிரியம் அதிகமோ அவர் தனியாகப் பேசட்டும். பட்டம் கட்டாமல், கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்.

"மூணு வாரமா நீ ராத்திரி தூங்கலே. உடம்பு பாதியாப் போச்சு. என் வளையலைக் காணோம். எனக்குப் பயமா இருக்குப்பா. திட்டறதுக்காகக் கேக்கலே. நாளைக்கு டாக்டர்கிட்டப் போகலாம், நானும் கூட வரேன்."

முதல் நாள் 'இல்லவே இல்லை' என்பான். கோபப்படுவான். பரவாயில்லை. ஒரு வாரம் விட்டு மறுபடி பேசுங்கள். கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்தால் ஒருநாள் அவனே வருவான்.

இவற்றைச் செய்யாதீர்கள்

அறையில் பூட்டி வைத்து ஒரே நாளில் நிறுத்த வைக்காதீர்கள். அபின் வகையை நிறுத்தினால் தவிப்பு கடுமையாக இருக்கும். தூக்க மாத்திரையை, அதுவும் பல மாதம் சாப்பிட்டதைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் சொற்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

'ஒரு கால்கட்டு போட்டா சரியாயிடும்' என்று கல்யாணம் பண்ணி வைக்காதீர்கள். சரியாகாது. இன்னொரு வீட்டுப் பெண்ணின் வாழ்க்கையும் சேர்ந்து போகும்.

'அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள், போதையை மறப்பார்' என்று விற்கும் பொடிகளை வாங்காதீர்கள். சித்த மருத்துவன் நானே சொல்கிறேன், என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத பொடி மருந்தே அல்ல. எங்கள் மருத்துவத்தின் பெயரைச் சொல்லி விற்றாலும் நம்ப வேண்டாம்.

ஆள் வைத்துத் தூக்கிப் போகும் 'மறுவாழ்வு மைய'ங்களிடம் ஜாக்கிரதை. 2017-ம் வருட மனநலச் சட்டம் போதைப் பழக்கத்தால் வரும் மனநலப் பாதிப்பையும் தன் வரம்புக்குள் வைத்திருக்கிறது. சேர்க்கும் முன், மாநில மனநல ஆணையத்தில் பதிவு உண்டா, மனநல மருத்துவர் பார்க்கிறாரா, வீட்டார் வந்து சந்திக்கலாமா என்று மூன்றையும் கேளுங்கள். தயங்கினால் திரும்பி வந்து விடுங்கள்.

'போலீஸ் கேஸ் ஆயிடுமோ?'

பல பெற்றோர் ஆஸ்பத்திரிக்குப் போகாததற்கு இந்தப் பயம்தான் காரணம். 1985-ம் வருடப் போதைப் பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, பழக்கத்துக்கு அடிமையானவர் தானாக முன்வந்து அரசு அல்லது அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்துக் கொண்டால், பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வரும் வழக்கிலிருந்து பாதுகாப்புத் தருகிறது. சிகிச்சையைப் பாதியில் விடக் கூடாது என்பது நிபந்தனை. நோயாளியாகப் போனால் மருத்துவர் நோயாளியாகத்தான் பார்ப்பார்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை. போனில் ஆலோசனை கேட்க, போதை மீட்புக்கான தேசிய இலவச எண் 14446. மனநல ஆலோசனைக்கு 14416. தமிழிலேயே பேசலாம்.

சிகிச்சையும், எங்கள் பங்கும்

அபின் வகைப் பழக்கத்துக்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன. புப்ரநார்ஃபின் போன்ற மாற்று மருந்தை மருத்துவர் மேற்பார்வையில் கொடுத்துத் தவிப்பைத் தணிக்கிறார்கள். அதோடு மனநல ஆலோசனை, குடும்பத்துக்கும் ஆலோசனை. ஊசி போட்டவர்களுக்கு ஹெச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனை கட்டாயம் வேண்டும்.

இந்தக் கட்டத்தைச் சித்த மருத்துவம் தனியாகத் தாங்கும் என்று நான் சொல்ல மாட்டேன். தவிப்பு அடங்கிய பிறகு எங்களுக்கு வேலை உண்டு. கெட்டுப் போன பசி, தூக்கம், மலம் மூன்றையும் ஒழுங்குக்குக் கொண்டு வருவது. பாசிப்பருப்புக் கஞ்சி, மோர், வேளாவேளைக்குச் சாப்பாடு, காலை நடை, மூச்சுப் பயிற்சி. மருந்து கொடுத்தால் மனநல மருத்துவருக்குத் தெரிந்தே கொடுக்க வேண்டும். சாதாரண அமுக்கராக் கிழங்கு கூடத் தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் மயக்கத்தைக் கூட்டலாம்.

ஒன்றை இப்போதே மனதில் வையுங்கள். மறுபடி ஒருமுறை விழக் கூடும். விழுந்தால் 'எல்லாம் வீண்' என்று கை கழுவாதீர்கள். ஆனால் அந்த நேரம் மிக ஆபத்தானது. சில வாரம் விட்டிருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது. அதே அளவைப் போட்டால் மூச்சு நின்று போகும்.

எழுப்பினாலும் எழாமல், மூச்சு மெதுவாக, உதடு நீலமாக இருந்தால் உடனே 108-ஐ அழையுங்கள். வாயில் மோரோ எலுமிச்சைச் சாறோ ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, மூச்சைக் கவனித்தபடி கூடவே இருங்கள். மூச்சே இல்லையென்றால் 108-ல் பேசுபவர் சொல்கிறபடி முதலுதவியைத் தொடங்குங்கள். என்ன சாப்பிட்டான் என்பதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். அபின் வகைக்கு முறிவு மருந்து உண்டு. உண்மையைச் சொன்னால்தான் அதைக் கொடுக்க முடியும்.

அந்தப் பையன் இரண்டு முறை விழுந்தான். இரண்டு முறையும் அம்மா கூடவே போய் மறுபடி சேர்த்தார். இப்போது படிப்பை முடித்து ஒரு சின்ன கம்பெனியில் வேலை பார்க்கிறான். மாதம் ஒருமுறை மனநல மருத்துவரிடம் போகிறான். போன பொங்கலுக்கு அம்மாவுக்கு ஒரு ஜோடி வளையல் வாங்கிக் கொடுத்தானாம். கவரிங்தான். "பரவாயில்லே டாக்டர், இதை யாரும் எடுக்க மாட்டாங்க" என்று சொல்லிச் சிரித்தார் அந்த அம்மா.

இப்போதெல்லாம் மலச்சிக்கல் என்று எந்த இளைஞன் வந்தாலும், நாடியைத் தொடும் முன் நான் கண்ணைப் பார்க்கிறேன். பிறகு அம்மாவை வெளியே உட்காரச் சொல்லி விட்டு, "தம்பி, ஏதாவது மாத்திரை சாப்பிடறியா? யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று கேட்கிறேன். பெரும்பாலும் 'இல்லை' என்ற பதில்தான் வருகிறது. சில பேர் தலையைக் குனிந்து கொள்கிறார்கள்.